உடல் அறிவது வேகத்தை அன்று, வேக மாற்றத்தையே



மருத்துவமனைக் கட்டிலில் அசையாமல் படுத்திருக்கும் ஒருவர் மணிக்கு 1,600 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் பயணம் செய்துகொண்டிருக்கிறார் என்றால் நம்புவது கடினம். ஆயினும் அது உண்மை. பூமி தன்னைத்தானே சுற்றும்போது சிதம்பரம், கடலூர் அமைந்துள்ள நிலப்பகுதி அந்த வேகத்தில்தான் கிழக்கு நோக்கி நகர்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமோ மணிக்கு ஒரு லட்சம் கி.மீ.க்கும் மேல். இவ்வளவு வேகத்திலும் நமக்குத் தலை சுற்றுவதில்லை. மேசை மீதுள்ள குவளைத் தண்ணீரும் தளும்புவதில்லை. அதே நாம், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் நகரப் பேருந்து சட்டென்று நின்றால் கம்பியைப் பிடிக்கத் தடுமாறுகிறோம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றே. சீரான வேகத்தை நமது உடல் உணர்வதில்லை. வேகம் மாறும்போதுதான் உணர்கிறது. அந்த மாற்றம் மிகக் குறைந்த நேரத்தில் நிகழும்போதுதான் காயமடைகிறது. சாலை விபத்தில் அடிபட்டு வருவோரையும், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியோரையும், படுக்கையிலிருந்து எழுந்ததும் மயங்கிச் சாயும் நோயாளிகளையும் நாள்தோறும் பார்க்கும் மருத்துவர்கள் என்ற முறையில், பள்ளிப் பாடநூலில் படித்து மறந்துபோன இந்த ஒரு செய்தியை உங்களுடன் மீண்டும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வேகம், திசைவேகம், முடுக்கம்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கி.மீ. முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் ஆகிய ஊர்களை ஒட்டிச் செல்லும் இத்தூரத்தை ஒரு பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 36 கி.மீ. இதன் பொருள், வழி நெடுகிலும் அப்பேருந்து 36 கி.மீ. வேகத்திலேயே சென்றது என்பதன்று. நிறுத்தங்களில் அதன் வேகம் சுழியம். திறந்த சாலையில் 60 அல்லது 70. வேகமானியின் முள் அந்தந்தக் கணத்தின் வேகத்தைக் காட்டுகிறது. கடிகாரமும் தொலைவும் சராசரியைத் தருகின்றன.

வேகத்துடன் அது எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம். அந்தத் திசைவேகம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம். வேகம் குறைந்துகொண்டே வந்தால் அதை எதிர்முடுக்கம் என்கிறோம்.

மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்குச் சரியாக 10 மீட்டர். நிறுத்தத்திலிருந்து புறப்படும் பேருந்து 10 நொடிகளில் இந்த வேகத்தை எட்டினால், நொடிக்கு நொடி அதன் வேகம் 1 மீட்டர் கூடுகிறது. நின்றுகொண்டிருக்கும் பயணி சற்றே பின்னால் சாய்ந்து நிலைகொண்டுவிடுவார். அதே பேருந்தின் குறுக்கே ஒரு கன்று ஓடிவர, ஓட்டுநர் 2 நொடிகளில் நிறுத்தினால், நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. மாறிய வேகம் இரண்டு முறையும் ஒன்றேதான். ஆனால் இரண்டாவது மாற்றம் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் நிகழ்ந்ததால், பயணியைத் தள்ளும் விசை ஐந்து மடங்காகிறது. கீழே விழுவோரில் பெரும்பாலோர் இந்த இரண்டு நொடிகளில்தான் விழுகின்றனர்.

வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் அதுவும் முடுக்கமே. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்திரா தரிசனத்துக்கும் நடைபெறும் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேர் வீதியில் தேர் நகரத் தொடங்கியபின் வடம் பிடிப்போருக்குப் பெரிய சிரமம் இல்லை. நிலையிலிருந்து முதன்முதலில் அசைப்பதும், கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திருப்புவதும், ஓடும் தேரை நிறுத்துவதுமே கடினம். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவோர் மிகுந்த பயிற்சி உடையவர்கள். அவர்கள் தேரை ஒரே அடியில் நிறுத்த முயல்வதில்லை. கட்டை மேல் கட்டையாகச் செருகி, சிறிது சிறிதாக அதன் ஓட்டத்தை வாங்குகின்றனர். உடலைக் காக்கும் வழியும் இதுவே என்பதைக் கீழே காண்போம்.

செவிக்குள் அமைந்த கருவி

உடல் முடுக்கத்தை உணர்வதற்கென்றே நமது உட்செவியில் ஒரு நுண்ணிய அமைப்பு இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களில் திரவம் நிறைந்துள்ளது. தலையைத் திருப்பும்போது குழல் நகர்கிறது. உள்ளிருக்கும் திரவம் ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை உணர்மயிர்கள் மூளைக்கு அறிவிக்கின்றன. இவற்றின் அருகிலுள்ள இரு சிறு பைகளில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்படிகங்கள் ஒரு பசைப்படலத்தின் மேல் பதிந்துள்ளன. முன்னும் பின்னும், மேலும் கீழும் ஏற்படும் அசைவையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்வது இவற்றின் பணி.

இந்த அமைப்பு வேகத்தை அளப்பதில்லை. வேக மாற்றத்தை மட்டுமே அளக்கிறது. ஆகவேதான் சீராக ஓடும் இரயிலில் கண்ணை மூடியிருப்பவருக்கு வண்டி எந்தத் திசையில் போகிறது என்பது சற்று நேரத்தில் மறந்துபோகிறது. பேருந்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே செல்லும்போது, கண் 'அசைவில்லை' என்கிறது; செவி 'அசைகிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டால் குமட்டல் ஏற்படுகிறது. பயணத்தில் வாந்தி வருபவர்கள் முன்பக்க இருக்கையில் அமர்ந்து, தொலைவிலுள்ள பொருளைப் பார்த்துக்கொண்டு செல்வதால் பெரும்பாலும் நிவாரணம் பெறுவதற்கு இதுவே காரணம்.

சிலருக்கு, குறிப்பாக நடுவயதைக் கடந்தவர்களுக்கு, அந்த நுண்படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழல்வது போன்ற தலைசுற்றல் வரும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அச்சமூட்டும் நோய் போலத் தோன்றினாலும் உயிருக்கு ஆபத்தானதன்று. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் மெல்லத் திருப்பிப் படிகங்களை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் எளிய சிகிச்சை உள்ளது. ஆனால் தலைசுற்றலுடன் பேச்சுக் குழறல், முகக் கோணல், கை கால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை, கடுந்தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது சற்றும் தாமதியாது மருத்துவமனைக்கு வரவேண்டும்.

வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். கடலூர் மக்கள் இதைக் கண்கூடாகக் கண்டவர்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலின் காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் வீசியது. மழைக்கால நாளொன்றில் 70 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று கிளைகளை முறிக்கும். அதன் இரு மடங்கான 140 கி.மீ. காற்று தரும் தள்ளுவிசை இரு மடங்கன்று, நான்கு மடங்கு. பண்ணுருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததற்கு இந்த வர்க்கக் கணக்கே பின்னணி.

சாலையில் இதே கணக்கைப் பார்ப்போம். ஆபத்தைக் கண்ட கண் மூளைக்குச் சொல்லி, மூளை கைக்கும் காலுக்கும் கட்டளையிட்டு, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். அந்த ஒரு நொடியில் வண்டி முழு வேகத்துடன் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்பின் உலர்ந்த சாலையில் நொடிக்கு 18 கி.மீ. வீதம் வேகம் குறைவதாக வைத்துக்கொண்டால்:

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் இருசக்கர வாகனம் நிற்பதற்கு ஏறத்தாழ 23 மீட்டர் தேவை.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 45 மீட்டர்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 72 மீட்டர்.

வேகம் இரு மடங்காகும்போது நிற்கும் தூரம் மூன்று மடங்காவதைக் கவனியுங்கள். மழையில் நனைந்த சாலையில் பிரேக்கின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 60 கி.மீ. வேகத்தில் வருபவருக்கும் 72 மீட்டர் வேண்டும்.

இன்னொரு கோணத்திலும் இதைப் பார்க்கலாம். 23 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. 40 கி.மீ. வேகத்தில் வந்தவர் அக்குழந்தையைத் தொடாமல் நின்றுவிடுவார். அதே இடத்தில், அதே கணத்தில் பிரேக் பிடித்தாலும், 60 கி.மீ. வேகத்தில் வந்தவரின் வண்டி குழந்தையை நெருங்கும்போது இன்னும் 50 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 'இருபது கி.மீ. தானே கூடுதல்' என்று நினைக்கும் அந்த இருபது, ஓரிடத்தில் நிம்மதிப் பெருமூச்சாகவும் மற்றோரிடத்தில் மரணமாகவும் முடிகிறது.

60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கைபேசித் திரையை இரண்டு நொடி பார்த்தால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். 60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் நிற்கும்போது நம்மைத் தானாகப் பின்வாங்கச் செய்யும் அச்சம், வேகமானியின் முள்ளைப் பார்க்கும்போது வருவதில்லை. சீரான வேகத்தை உணரும் புலன் நமக்கு இல்லை என்பதே இதன் காரணம். அந்தக் குறையை அறிவால்தான் ஈடு செய்யவேண்டும்.

மத்திய அரசின் அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவற்றில் பத்தில் ஏழு மரணங்கள் மிகை வேகத்துடன் தொடர்புடையவை. தலைக்கவசம் அணியாததால் இறந்தோராகக் கணக்கிடப்பட்டவர்கள் மட்டும் 50,029 பேர்.

நிற்பதற்குக் கிடைக்கும் இடைவெளி

வேகம் எவ்வளவாயினும் அது படிப்படியாகக் குறைந்தால் உடல் தாங்கிக்கொள்ளும். இதைத் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டியவர் அமெரிக்க விமானப் படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 அன்று அவர் இராக்கெட் பொருத்திய தண்டவாள வண்டியில் வார்களால் இறுகப் பிணைக்கப்பட்டு, மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தை எட்டினார், பின்னர் 1.4 நொடியில் நிறுத்தப்பட்டார். உச்சக் கட்டத்தில் அவர் உடல் புவியீர்ப்பைப் போல 46 மடங்கு விசையைத் தாங்கியது. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை மங்கினாலும் அவர் பிழைத்து, 1999 வரை வாழ்ந்தார். அத்தனை வேகத்தில் பிழைத்தவர் இருக்க, 30 கி.மீ. வேகத்தில் விழுந்து மூளையில் இரத்தக் கசிவுடன் எங்களிடம் வருவோரும் இருக்கின்றனர். ஸ்டாப் நின்ற நேரம் ஒன்றரை நொடிக்குச் சற்றுக் குறைவு. தார்ச்சாலையில் மோதும் தலை நிற்பதோ ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கில்.

ஆள் உயரத்திலிருந்து சாயும் தலை தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் இருக்கும். வெறுந்தலை மோதி, 3 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், எளிய கணக்கின்படி அது தாங்கும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல 600 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள நுரைப்பஞ்சு 3 சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் அது 60 மடங்காகக் குறைகிறது. தலைக்கவசத்தின் பணி வெளிப்புற ஓட்டின் கடினத்தில் மட்டும் இல்லை. உள்ளிருக்கும் நுரை நசுங்குவதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது. தேருக்கு முட்டுக்கட்டை செய்வதைத் தலைக்கு அந்த நுரை செய்கிறது. ஆகவேதான் ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடவேண்டும். தாடை வாரைப் பூட்டாத தலைக்கவசம் மோதலுக்கு முன்பே கழன்று ஓடிவிடும். வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.4151 முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

தலைக்கவசத்தின் வரலாற்றிலும் ஒரு மருத்துவர் இருக்கிறார். 1935இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த டி.இ.லாரன்ஸைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை வல்லுநர் ஹியூ கெய்ர்ன்ஸ், அதன்பின் இராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். தலைக்கவசத்தின் பயனைக் காட்டும் அவருடைய கட்டுரை 1941இல் வெளிவந்தது. பின்னாளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பது தெரியவந்தது.

காரில் இருக்கைப் பட்டை செய்யும் வேலையும் இதுவே. கார் மோதி நிற்கும்போது அதன் முன்பகுதி நசுங்கி, வண்டிக்குச் சற்று நேரம் கிடைக்கிறது. பட்டை அணிந்தவர் வண்டியோடு சேர்ந்து அந்த நேரத்தைப் பெறுகிறார். அணியாதவர் பழைய வேகத்திலேயே முன்னால் சென்று, ஏற்கெனவே நின்றுவிட்ட கண்ணாடியிலோ முன் இருக்கையிலோ மோதுகிறார். பின் இருக்கையில் அமர்வோருக்கும் இது பொருந்தும். கருவுற்ற தாய்மார் பட்டையைத் தவிர்க்க வேண்டியதில்லை. கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அழுந்தாமல் இடுப்பெலும்பின் மேல், வயிற்றுக்குக் கீழாகவும், தோள்பட்டை மார்புகளுக்கிடையேயும் செல்லும்படி அணியவேண்டும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். '‌நான் இறுகப் பிடித்துக்கொள்வேன்' என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. அவர்களின் அன்பில் குறையில்லை. கணக்குத்தான் இடம் தருவதில்லை. 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், மடியிலுள்ள 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 110 கிலோ மூட்டையைப் போல முன்னோக்கிப் பாயும். அதைப் பிடித்துவைக்கும் வலு எந்தக் கைக்கும் இல்லை. இருசக்கர வாகனத்தில் செல்லும் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும் என்றும், அப்போது வேகம் 40 கி.மீ.க்கு மிகக்கூடாது என்றும் 2022இல் வெளியான மத்திய மோட்டார் வாகன விதி கூறுகிறது.

வீட்டுக்குள்ளும் இதே விதி

முடுக்கத்தால் வரும் காயம் சாலையில் மட்டும் நிகழ்வதில்லை. நிற்கும் முதியவர் ஒருவர் வழுக்கி விழும்போது, அவருடைய இடுப்பு அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் தரையை அடைகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. இளைஞர் கையூன்றித் தப்பிக்கொள்வார். எலும்பு அடர்த்தி குறைந்த மூதாட்டிக்கு அதுவே தொடையெலும்பின் கழுத்து முறியப் போதுமானது. ஈரமான குளியலறைத் தரை, தளர்ந்த செருப்பு, இரவில் விளக்கில்லாத நடைபாதை, தரையில் சுருண்டு கிடக்கும் மிதியடி ஆகியவற்றை அகற்றுவது, கழிவறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துவது என்ற இவை செலவு குறைந்த, பயன் மிகுந்த சிகிச்சைகள்.

படுக்கையிலிருந்து திடீரென எழுவதால் வரும் மயக்கம் முடுக்கத்தால் வருவதன்று. ஆயினும் 'மாற்றத்துக்கு நேரம் கொடுங்கள்' என்ற விதி அங்கும் செல்லுபடியாகும். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இதயத் துடிப்பைக் கூட்டியும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் உடல் அதைச் சரிசெய்துகொள்ளச் சில நொடிகள் ஆகும். நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள், இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, புராஸ்டேட் சுரப்பிக்கான மாத்திரை உட்கொள்பவர்கள், நெடுநாள் படுக்கையில் இருந்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சரிசெய்தல் தாமதமாகும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அளவோ கீழ் அழுத்தம் 10 அளவோ குறைந்தால் அதற்கு மருத்துவ ஆலோசனை தேவை.

ஆகவே இவர்கள் முதலில் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, ஓரிரு நிமிடம் பாதங்களை மேலும் கீழும் அசைத்து, பின் எதையேனும் பிடித்துக்கொண்டு எழவேண்டும். நின்றதும் உடனே நடக்காமல் சற்று நிலைகொள்ளவேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது இது மிக முக்கியம். மயக்கம் வருகிறதென்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் கூறினால் அளவையோ வேளையையோ மாற்றித் தருவார்.

நோயாளியை அழைத்துச் செல்லும்போது

வீடு திரும்பும் நோயாளியின் உறவினர் பலர், 'சீக்கிரம் போய்விட்டால் அவருக்குச் சிரமம் குறையும்' என்று எண்ணி வண்டியை விரைந்து ஓட்டச் சொல்கின்றனர். நோயாளிக்கு வலி தருவது பயண நேரமன்று. வேகத்தடை மீது வண்டி தூக்கிப் போடுவதும், திருப்பத்தில் உடல் ஒருபுறம் சாய்வதும், திடீர் பிரேக்கும்தான். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி, வேகத்தடைகளில் ஏறக்குறைய நின்று ஏறச் செய்யுங்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் சிறு தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் குலுங்கலின் வலி குறையும். சக்கர நாற்காலியைச் சரிவில் இறக்கும்போது நோயாளியின் முதுகு சரிவை நோக்கி இருக்குமாறு, பின்னோக்கி மெல்ல இறக்குங்கள்.

பேருந்தில் வரும் முதியோர் வண்டி முழுமையாக நின்றபின் இருக்கையை விட்டு எழட்டும். ஓடும் பேருந்திலிருந்து இறங்கும்போது பாதம் தரையில் நின்றுவிடும். உடலோ பேருந்தின் வேகத்திலேயே முன்னால் போகும். ஆகவேதான் முகம் குப்புற விழுகின்றனர். இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்து, ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாகச் செல்லும் பெண்களுக்கு வேகத்தடை ஒன்றே போதும், நிலை தவற. புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ளவும்.

சாலை விபத்தில் அடிபட்டவரைக் கண்டால், உயிராபத்து இல்லாத இடத்தில் அவரைப் புரட்டாமலும், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காமலும், 108ஐ அழையுங்கள். 2008 முதல் தமிழகத்தில் இயங்கிவரும் இச்சேவை இலவசம். இரண்டு பேருக்கு நடுவே அவரை இருசக்கர வாகனத்தில் அமர்த்திக் கொண்டுவருவதைத் தவிர்க்கவேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், வழியில் ஒவ்வொரு பிரேக்கும் அந்த முறிவை அசைத்துத் தண்டுவடத்தைச் சேதப்படுத்தும். இரத்தம் வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மேல்.

உதவி செய்தால் காவல் நிலையத்துக்கு அலைய நேரிடும் என்ற அச்சம் இனி வேண்டாம். உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயரைத் தெரிவிக்கவேண்டும் என்று அவர்களை வற்புறுத்த இயலாது. செலவைப் பற்றிய தயக்கமும் தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை, எந்த மாநிலத்தவராயினும், அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

பதினோரு நிமிடங்கள்

இறுதியாக ஒரு சிறு கணக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை 45 கி.மீ. தூரத்தை எங்கும் நில்லாமல் 60 கி.மீ. வேகத்தில் கடந்தால் 45 நிமிடம் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் கடந்தால் ஏறத்தாழ 34 நிமிடம். மிச்சமாவது 11 நிமிடம். ஊர்களும் சந்திப்புகளும் நிறைந்த சாலையில் அதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அந்த 11 நிமிடத்துக்காக நிற்கும் தூரம் 45 மீட்டரிலிருந்து 72 மீட்டராகிறது. மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. தொடையெலும்பு முறிந்தவர் மீண்டும் ஊன்றுகோலின்றி நடக்கப் பல மாதங்கள் ஆகின்றன. தலைக்காயத்தில் நினைவிழந்தவரின் படுக்கையருகே குடும்பத்தினர் காத்திருக்கும் நாள்களுக்குக் கணக்கே இல்லை.

நீங்கள் நினைவில் கொள்ளவேண்டியவை:

புறப்படும்போதே பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். இழந்த நேரத்தைச் சாலையில் ஈட்ட முயலாதீர்கள்.

முன்னால் செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் நீங்கள் அதை அடைய இரண்டு நொடியேனும் ஆகுமாறு இடைவெளி விடுங்கள். மழையில் அதை இரட்டியாக்குங்கள்.

ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், குழந்தை என அனைவரும் தலைக்கவசம் அணிந்து வாரைப் பூட்டுங்கள்.

காரின் எல்லா இருக்கைகளிலும் பட்டை அணியுங்கள்.

படுக்கையிலிருந்து மூன்று நிலைகளாக எழுங்கள்: அமர்தல், சற்றுப் பொறுத்தல், நிற்றல்.

நோயாளியை அழைத்துச் செல்லும் வண்டியை மெல்லப் புறப்படச் செய்து, மெல்லத் திருப்பி, மெல்ல நிறுத்தச் செய்யுங்கள்.

பார்வையாளர் நேரத்துக்குள் வந்து சேரவேண்டும் என்று விரைந்து வர வேண்டாம். நேரம் கடந்துவிட்டால் பிரிவுச் செவிலியரிடம் சொல்லுங்கள். உங்கள் உறவினரைப் பார்க்க ஒரு வழி செய்து தருவோம். உங்களை நோயாளியாக அல்லாமல் பார்வையாளராகவே வரவேற்க விரும்புகிறோம்.